இருபத்தேழாம் நம்பர் வீட்டுக்குப் போவானா?

எனக்கு விளையாட்டு என்றால் கிரிக்கெட். அதிலும் வானொலியில் காது வைத்துக் கேட்ட கிரிக்கெட். அப்படிப்பட்ட என்னை, அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதில், விடியப்புறம் எழுப்பி, தேத்தண்ணியோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரவைத்து, முட்டை வடிவப் பந்துக்குப் பின்னால் ஓடும் அவுஸ்திரேலியப் பெடியன்களைப் பார்த்துப் பல்லைக் கடிக்கவைத்தவள் என் மகள்.

அவள் கனடாவில், ஸ்காபரோவில் பிறந்தவள். பிசியோதெரபி படித்தாள். படித்து முடித்ததும் பக்கத்து ஊரான மார்க்கத்தில் வேலை கிடைக்கும், காரில் பதினைந்து நிமிடம், மத்தியானச் சாப்பாட்டை நானே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றெல்லாம் நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, மெல்பேர்ணில் ஒரு மருத்துவமனை இரண்டு வருடக் கொன்ராக்டில் அவளைக் கூப்பிட்டது. சும்மா ஒரு அனுபவத்துக்கு என்றாள். இரண்டு வருடம் கண் மூடித் திறக்கிறதுக்குள் போய்விடும் என்று நானும் எல்லோருக்கும் சொன்னேன். சொன்ன வாய்க்குக் கண்ணை மூடிப் பார்த்த அனுபவம் இல்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புறப்பட்டு நிற்கிறவரைப் பார்த்து ‘எங்கே போகிறாய்’ என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் பிழையாய்ப் போகும். வாய் சும்மா கிடக்காது என்றால் ‘தூரத்துக்கோ?’ என்று மட்டும் கேட்கலாம். அவர் ஓம் என்பார், அல்லது கிட்டத்தான் என்பார், மிச்சத்தை விரும்பினால் தானே சொல்வார். கனடாவுக்கு வந்து எத்தனையோ பழக்கத்தை நான் கைவிட்டுவிட்டேன். இதை மட்டும் விடவில்லை. மகள் கார் ஓடத் தொடங்கிய காலத்தில் கார்த் திறப்பை எடுக்கும்போதெல்லாம் “தூரத்துக்கோ பிள்ளை?” என்பேன். “மோலுக்கு அப்பா, ஜஸ்ட் மோலுக்கு” என்று கண்ணை உருட்டிக்கொண்டு போவாள்.

விமான நிலையத்திலும் அதையே கேட்டேன். பகிடிக்குத்தான் கேட்டேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு என் ஜாக்கெட்டில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். என் மனுசி, அவளைப் பெற்றவள், என்னை முறைத்த முறைப்பு வீடு வந்து சேரும்வரை காரில் கூடவே இருந்தது.

முதல் சில மாதம் தொலைபேசியில் பேசுவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை என்பதைக் கண்டுபிடித்தோம். வீட்டில் இருந்தபோது நாளெல்லாம் எதையாவது பேசிக்கொண்டிருந்தவர்கள். அங்கே போனபின், சாப்பிட்டியா, என்ன சாப்பாடு, குளிரோ, வேலை எப்பிடி. அந்தப் பக்கம் ஓம் அப்பா, பாஸ்ரா, குளிர் இல்லை, ஓகே. ஐந்து நிமிடத்தில் கடை பூட்டிவிடும். பிறகு யார் முதலில் வைப்பது என்ற சங்கடம்.

அப்போதுதான் அவளோடு வேலை செய்கிறவர்கள் அவளை அந்த நாட்டு ஃபுட்போல் ஆட்டம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கழுத்தில் அவர்கள் ஆதரிக்கிற விளையாட்டுக் கழகத்தின் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு படம் அனுப்பினாள். அன்றிரவு நான் அந்த விளையாட்டின் விதிகளைத் தேடி வாசித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள் பரீட்சைக்குப் படித்ததைவிட அக்கறையாகப் படித்தேன். நாலு கம்பம் நட்டிருக்கும். நடுவில் உள்ள இரண்டு கம்பத்துக்கு இடையில் அடித்தால் ஆறு புள்ளி. குறி தவறி ஓரக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையில் போனாலும் ஒரு புள்ளி. தவறியவனுக்கும் ஏதோ ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிற ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கிறதென்று அன்றுதான் அறிந்தேன். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

அவர்களுடைய வெள்ளி இரவு எங்களுக்கு வெள்ளி விடியல். மற்ற ஆட்டங்கள் நடுச்சாமத்தில் விழும், மனுசி விடமாட்டாள். ஒரு ஆட்டத்துக்கு நாலு பகுதி. வெள்ளி ஆட்டம் வாய்த்தால் முதல் இரண்டை வீட்டிலிருந்து பார்ப்பேன். மூன்றாம் பகுதியை, மார்க்கத்தில் நான் வேலை செய்கிற கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையின் பார்க்கிங்கில், காருக்குள் இருந்தபடி தொலைபேசியில் பார்ப்பேன். அதோடு எட்டு மணியாகிவிடும். உள்ளே போய்த்தான் ஆகவேண்டும். ஆகவே ஒரு ஆட்டத்தின் கடைசிப் பகுதியை நான் கண்ணால் கண்டதே இல்லை. அது மகளின் குரலில்தான் எனக்கு வரும். மைதானத்திலிருந்து திரும்பும்போது ட்ராமில் நின்றுகொண்டு, பின்னால் சனம் பாட, அவள் ஒரு குரல்செய்தி பதிந்து அனுப்புவாள். பத்து மணித் தேத்தண்ணி இடைவேளையில் அதைக் கேட்பேன். “அப்பா, லிசின், கடைசி ரெண்டு நிமிசம், இவன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுறான், ஒருத்தரும் பிடிக்கேல்லை” என்று மூச்சு வாங்க அவள் சொல்வதை, ஒரு தரம் அல்ல, இடைவேளை முடியும்வரை திரும்பத் திரும்பக் கேட்பேன். அந்த ‘இவன்’ யார் என்று நான் கேட்கத் தேவையில்லை. இருபத்தேழாம் நம்பர் சட்டை போட்ட பெடியன்.

பெடியனுக்கு இருபத்தொரு வயது. நாட்டின் மறுகரையில், பேர்த் நகரத்தில் பிறந்தவன். அங்கே கழகங்கள் வருடாவருடம் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை வரிசையாகத் தெரிவுசெய்யும். எந்தக் கழகம் பெயரைச் சொல்கிறதோ அந்த ஊருக்குப் பெட்டி கட்டவேண்டும். பிள்ளைக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அகதியாக வெளிக்கிட்டு, ஏஜென்சிக்காரன் ஏற்றிவிட்ட இடத்தில் இறங்கியவன் நான், எனக்கு அது விளங்கியது. இப்போது அவனுடைய கொன்ராக்ட் இந்தப் பருவத்தோடு முடிகிறது. மெல்பேர்ணிலேயே மறுபடி கையெழுத்து வைப்பானா, தாய்தகப்பனிடம் பேர்த்துக்குத் திரும்புவானா என்பதுதான் ஊர்முழுக்கப் பேச்சு.

என் மகளுடைய கொன்ராக்டும் அந்தப் பருவத்தோடுதான் முடிகிறது. அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

நான் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். மனுசி மறித்துவிட்டாள்.

“கேக்காதேங்கோ. பிள்ளை தானாச் சொல்லட்டும். நாங்கள் கேட்டால் அவளுக்கு மனம் அந்தரப்படும். ஒரு காரியத்துக்கு முன்னாலை நிண்டு எங்கை எண்டு கேக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.”

என் ஆயுதத்தை எடுத்து எனக்கே நீட்டினாள்.

கழகத்தின் ரசிகர்கள் கூடிச் சண்டைபிடிக்கிற இணையக் களம் ஒன்று இருந்தது. மகளிடம் கேட்க முடியாததை அங்கே போய்க் கேட்கத் தொடங்கினேன். ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டேன், எந்த நாடு என்று சொல்லவில்லை. அங்கே உள்ளவர்கள் துப்பறிவாளர்களைப் போன்றவர்கள். பெடியன் நாய்க்குட்டி வாங்கியிருக்கிறான், நாய் வாங்கியவன் போகமாட்டான் என்பார் ஒருவர். நாயை விமானத்தில் ஏற்றலாம் என்பார் இன்னொருவர். அவனுடைய பெண்தோழி எந்த ஊர், வீட்டு வாடகை ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது, போன ஆட்டம் முடிந்தபின் ரசிகர்களுக்குக் கையசைத்தானே, அந்தக் கை ‘வருகிறேன்’ என்ற கையா ‘போகிறேன்’ என்ற கையா. இப்படி நாளுக்கு நூறு.

நான் ஒரு வேடிக்கையான இடத்தில் நின்றேன். அந்தக் களத்தில் எல்லோருக்கும் பெடியன் இருக்கவேண்டும். கழகத்தின் ரசிகனாக இருந்துகொண்டு அவன் போகவேண்டும் என்று எழுதிய ஒரே ஆள் நான். பேர்த்துக்கு நாலு மணித்தியால விமானம் தானே, அங்கேயும் கழகம் இருக்கிறது தானே, பெற்ற தாய் அங்கே சமைத்து வைத்துக்கொண்டு இருப்பாள் தானே என்று எழுதினேன். எதிரணியின் உளவாளி என்றார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், மூன்று தலைமுறையாக இந்தக் கழகத்தைப் பின்தொடர்கிறவராம், என்னோடு மல்லுக்கு நின்றார். உனக்குக் கழகம் முக்கியமா, அவனுடைய தாய் முக்கியமா என்று கேட்டார். தாய் என்று எழுதினேன். களத்தை விட்டே வெளியேற்றப் பார்த்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வந்தபோது, அவளுக்குப் பின்னால் புதுச் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது.

“உது என்ன பிள்ளை?”

“சோபா அப்பா. பழசு சரியான அன்கம்ஃபடபிள். நல்லா இருக்கா?”

நல்லா இருக்கு என்றேன். இரண்டு மாதத்தில் வெளிக்கிடப் போகிறவள் எதற்குச் சோபா வாங்குகிறாள்? அன்றே களத்தில் போய் எழுதினேன்: பெடியன் சோபா வாங்கினான் என்று வைத்துக்கொள்வோம், அதற்கு என்ன அர்த்தம்? ஒருவரும் பெடியனுக்குச் சோபா எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. துணிச் சோபாவா தோல் சோபாவா என்று கேட்டார்கள். மூலை வைத்த பெரிய சோபா என்றேன். தபால்காரர் தீர்ப்புச் சொன்னார்: மூலைச் சோபா என்றால் குறைந்தது மூன்று வருடம். அந்த மனிதரை அன்று நான் வெறுத்ததுபோல் யாரையும் வெறுத்ததில்லை.

எனக்கு என் பிள்ளை இங்கே வேண்டும். மில்லிக்கனில் எங்களோடு இருக்கவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் பிக்கரிங்கில் வீடு எடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து, எங்கள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, அடைத்துக்கிடக்கிற சாப்பாட்டைப் பார்த்து ‘ஒண்டும் இல்லையே’ என்று அலுத்துக்கொண்டு மூடவேண்டும். காலணியை வாசலில் குறுக்கே கழற்றிவிட, அதில் நான் தடக்கி விழப் பார்க்கவேண்டும். இது ஒரு பெரிய ஆசையா? ஆஸ்தி கேட்டேனா, அந்தஸ்துக் கேட்டேனா? அவளுடைய அறைக் கதவைக் கடந்து குளியலறைக்குப் போகும்போது, உள்ளே விளக்கு எரிகிறதா என்று கீழ் இடுக்கைப் பார்க்கிற பழக்கம் இரண்டு வருடமாகியும் எனக்குப் போகவில்லை.

ஆடி மாதம் பெடியனைச் செய்திக்காரர்கள் விரட்டத் தொடங்கினார்கள். பயிற்சிக்குப் போகிறவனை வழிமறித்து, எங்கே போகப்போகிறாய், எங்கே போகப்போகிறாய் என்று ஒலிவாங்கியை நீட்டினார்கள். பெடியன் தலையைக் குனிந்துகொண்டு காருக்குள் ஏறினான். அன்று எனக்குப் பொறுக்கவில்லை. களத்தில் போய்க் கோபமாக எழுதினேன். புறப்பட்டு நிற்கிற பிள்ளையிடம் எங்கே போகிறாய் என்று கேட்காதீர்கள், அது கூடாத பழக்கம், என் ஊரில் அப்படி ஒருவரும் கேட்கமாட்டார்கள், கேட்டே ஆகவேண்டுமென்றால் ‘தூரமா?’ என்று மட்டும் கேளுங்கள், அவன் விரும்பினால் சொல்லுவான்.

நான் எதிர்பார்த்தது வசை. வந்தது சிரிப்பு. அந்தச் சனத்துக்கு அது பிடித்துப்போயிற்று. பெடியனைப் பற்றி யார் எதை எழுதினாலும் கீழே ஒருவர் ‘தூரமா?’ என்று போடத் தொடங்கினார். தபால்காரரே போட்டார். நான் என்னை மெச்சிக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். பின்வளவில் பாவற்கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அங்கே புதன் காலை. தொலைபேசி சட்டைப்பைக்குள் துடித்தது. கழகம் ஒரு வீடியோ போட்டிருந்தது. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பெடியன் கையெழுத்து வைக்கிறான். நாலு வருடம். முடித்துவிட்டு, பேர்த்தில் இருக்கிற தாயைத் தொலைபேசித் திரையில் கூப்பிட்டுக் காட்டுகிறான். அந்தத் தாய் கையைத் தட்டிச் சிரிக்கிறா. களத்தில் திருவிழா.

உள்ளே போய் மனுசியிடம் காட்டினேன். அவளுக்குப் பந்தும் தெரியாது, கழகமும் தெரியாது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பெடியனைத் தாண்டிவிட்டுத் தாய் வருகிற இடத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

“இவ சிரிக்கேல்லை,” என்றாள். “பல்லுத்தான் தெரியுது.”

தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதோடு நான் பின்வளவுக்குத் திரும்பியபோது அது என் கையிலேயே அடித்தது. மகள். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் அல்ல.

“அப்பா, பாத்தீங்களா? சைன் பண்ணிட்டான்.”

“பாத்தனான்.”

“நீங்கள் கவலையா இருப்பீங்கள் எண்டு நினைச்சன். நீங்கள்தானே அவனைப் போகச் சொன்னது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு காது சுட்டது.

“என்னோட வேலை செய்யிற ஒருத்தன் போன கிழமை ஃபோனைக் காட்டிச் சிரிச்சான் அப்பா. ஆரோ ஒரு ஆள், எங்கை போறாய் எண்டு கேக்காதேங்கோ, தூரமோ எண்டு கேளுங்கோ எண்டு எழுதியிருக்கு எண்டான். இந்த உலகத்திலை எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் அப்பிடித் தெரியும். பிறகு நீங்கள் எழுதின எல்லாத்தையும் இருந்து வாசிச்சன். சோபாவையும் வாசிச்சன்.”

நான் பாவற்கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழாயை நிறுத்த மறந்துபோயிருந்தது.

“அப்பா, ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?”

நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்.

“நானும் போன கிழமை சைன் பண்ணிட்டன் அப்பா. மூண்டு வருசம். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல் வைச்சுக்கொண்டிருந்தனான். இந்த வேலை எனக்கு உண்மையாப் பிடிச்சிருக்கு. ஆனா நீங்கள் கேட்டிருந்தால் வந்திருப்பன். ஒரு தரம் கேட்டிருந்தால் வந்திருப்பன், தெரியுமா?”

“அது தெரிஞ்சுதான் பிள்ளை கேக்கேல்லை.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். நோயாளி காத்திருக்கிறார், பிறகு எடுக்கிறேன் என்று வைத்தாள்.

அந்த வசனத்தை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. உண்மையில் நான் கேட்காதது பயத்தில். மனுசி மறித்தது எனக்கு ஒரு சாட்டு. இல்லை என்று அவள் வாயால் கேட்டுவிட்டால் பிறகு எதைப் பிடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை எழும்புவது? ஆனால் சொல்லிவிட்டேன். சொன்னபின் அது உண்மையாக இருக்கவேண்டும் என்று மனம் ஆசைப்பட்டது. கேட்டால் வந்திருப்பாள். வந்து, மார்க்கத்தில் ஒரு வேலை எடுத்து, ஞாயிறு தவறாமல் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்திருப்பாள். அந்தப் பிள்ளையின் சிரிப்பில்லாத பல்லை நான் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

குழாயை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். மனுசி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் என்றேன். அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. வழக்கத்துக்கு மேலாக வெங்காயம் சேர்ந்தது. அன்றிரவு மகள் திரும்ப எடுத்தபோது, கேட்கக்கூடாது என்று என்னை மறித்த அதே மனுசி, தொலைபேசியைப் பறித்து, எடுத்த எடுப்பில் கேட்டாள்.

“எப்ப பிள்ளை வருவாய்?”

மார்கழியில், நத்தார் விடுமுறைக்கு, மூன்று கிழமை என்று பதில் வந்தது. மனுசி அதைச் சுவரிடம் சொல்வதுபோல் எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

களத்தில் போய், பெடியன் சரியாகத்தான் செய்தான் என்று எழுதினேன். தபால்காரர் தோள்தட்டி எழுதினார். உன்னைத் திருத்திவிட்டோம் என்றார். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும்.

பத்து நாளில் தொழிற்சாலை கோடை விடுமுறைக்கு மூடியது. இரண்டு கிழமை. போன வருட விடுமுறைக்குள் வெள்ளி ஆட்டம் விழவில்லை; இம்முறை முதல் வெள்ளியே எங்கள் கழகத்தின் ஆட்டம். எட்டு மணிக்கு எங்கும் ஓடத் தேவையில்லை, முதன்முறையாக முழு ஆட்டமும் பார்க்கலாம். மனுசி தேத்தண்ணியோடு பக்கத்தில் வந்து இருந்தாள். அவள் பார்த்த முதல் ஆட்டம் அது. அந்தப் பெடியன் எது என்று கேட்டாள், காட்டினேன். மெலிஞ்சுபோனான் என்றாள்.

கடைசிப் பகுதி வந்தது. இத்தனை நாள் நான் காதால் கேட்ட இடம். கண்ணால் பார்க்க அது வேறு என்னவோ மாதிரி இருந்தது. புள்ளிகள் சமம். முடிகிற நேரத்தில் இருபத்தேழாம் நம்பர் மூன்று பேரின் தலைக்கு மேல் எழும்பிப் பந்தைப் பிடித்தான். அவன் இறங்குவதற்குள் முடிவுச் சங்கு ஊதிவிட்டது. ஆனாலும் பிடித்தவனுக்கு அடிக்கும் உரிமை உண்டு. மைதானம் முழுக்க எழுந்து நின்றது. அந்தச் சனத்துக்குள் எங்கேயோ என் மகளும் நின்றாள். பெடியன் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், நடந்தான், அடித்தான். பந்து வளைந்து நடுக் கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. தவறிவிட்டான். தவறியவனுக்குக் கொடுக்கிற அந்த ஒரு புள்ளியில் வென்றோம்.

மனுசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் ஏன் அவனைத் தூக்குகிறார்கள் என்றாள். நான் சொல்லத் தொடங்குவதற்குள் தொலைபேசி அடித்தது. குரல்செய்தி இல்லை. அழைப்பு.

“அப்பா, பாத்தீங்களா?”

பின்னால் சனத்தின் இரைச்சலும் பாட்டும் கேட்டன. எனக்கு முன்னால் தொலைக்காட்சியில் அதே சனம், அதே பாட்டு. மனுசி என்னைப் பார்த்தாள்.

“இல்லைப் பிள்ளை,” என்றேன். “நான் வேலையிலை நிக்கிறன். கடைசிப் பகுதி பாக்கேல்லை. சொல்லு.”

மனுசி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள்.

தொழிற்சாலை மூடிக்கிடக்கிற கிழமை அது என்று மகளுக்குத் தெரியும். வேலை நேரத்தில் நான் தொலைபேசி எடுக்க முடியாது என்பதும் தெரியும்.

“சரி அப்பா, லிசின்,” என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினாள்.